பார்த்து எழுது

அன்று மட்டாஞ்சேரிக் கல்லூரித் தேர்வறையில் முப்பது மாணவர்கள். பக்கத்து அறையில், அவர்களைக் காட்டும் டிவி முன்னால் மலையாளிக் கண்காணிப்பாளரும், கேமராவுக்கு வயர் இழுத்த நானும். அவர் நரைத்த மீசையை நெருடிக்கொண்டே இருந்தார்.

மணியடிக்குமுன் வயரைச் சரிபார்க்கத் தேர்வறைக்குள் போனபோது, பேனாவைத் திறந்து திறந்து மூடிய ஒரு தமிழ்ப் பெண்ணிடம், "பாத்து எழுதும்மா" என்றேன். வாசலில் நின்ற கண்காணிப்பாளர் காதில் விழுந்துவிட்டது; காப்பியடிக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்.

"எடோ, நோக்கி எழுதச் சொல்லியோ? அந்தக் குட்டி இனி எழுதண்டா!"

எட்டாவதோடு நின்றவன் நான். என்னால் ஒருத்தியின் பரீட்சை போகிறதே என்று அவர் முன்னால் போய் நின்றேன்.

"சாரே, 'பாத்துப் போ'ன்னு சொல்றோமில்ல? கவனமான்னு அர்த்தம்."

அவளை எழுத விட்டுவிட்டு டிவி முன் போய் உட்கார்ந்தார். மூன்று மணி நேரமும் அவளை மட்டுமே பார்த்தார்.

"குட்டி தலை தூக்கியில்லடோ" என்று கடைசியில் அவள் விடைத்தாளையும் மற்றவற்றோடு சேர்த்து வாங்கச் சொன்னார்.

அதுவரை டிவியில் மற்றவர்களை யார் பார்த்தது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.