அத்தை வராத சுற்றுலா

படகு ஓட்டுவதற்குத் தண்ணீர் அவசியமில்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அப்போது எனக்கு ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பெசன்ட் நகர் கடற்கரைக்கு அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். அங்கே அவளுடைய தோழிகள் மூன்று பேர் காத்திருப்பார்கள். நான்கு பேரும் இரண்டிரண்டு பேராக மணலில் முன்னும் பின்னும் உட்கார்ந்து, ஆளுக்கொரு மாப்புக் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு துடுப்புப் போட ஆரம்பிப்பார்கள். அத்தையின் படகில் நடுவில் நான். கூடாரமும் அரிசி மூட்டையும் சமையல் பாத்திரமும் நான்தான். சாமான் அசைந்தால் படகு கவிழ்ந்துவிடும் என்பதால் எனக்கு அசைய அனுமதியில்லை.

சுண்டல் விற்கிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஒருமுறை ஊரூர் குப்பத்துக்காரர் ஒருவர், தோளில் வலையோடு அந்த வழியாக வந்தவர், கொஞ்ச நேரம் எங்களையே கவனித்தார்.

"இன்னா மேடம், தண்ணி அந்தாண்ட கீது" என்று கடலைக் காட்டினார்.

தோழிகளில் உயரமான அக்கா ஒருத்தி துடுப்பை நிறுத்தாமலே, "தெரியும்ண்ணா, இது ரிகர்சல்" என்றாள்.

"நட்த்து, நட்த்து" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அடுத்த வாரமும் அவர் அதே வழியாக வந்தார். "இன்னும் கரை வந்து சேர்லியா?" என்று கேட்டார்.

அவர்கள் போகத் திட்டமிட்டிருந்தது கடலுக்கு இல்லை. கர்நாடகத்தில் காவிரி காட்டுக்குள் ஓடுகிற ஓர் இடத்துக்கு. கனூ என்று சொல்லப்படுகிற நீளப் படகு இரண்டு எடுத்துக்கொண்டு, ஆற்றோடு போய், கரையில் கூடாரம் போட்டுத் தங்கி, தூண்டில் போட்டு மீன் பிடிப்பது. உயரமான அக்கா ஏற்கெனவே ஒருமுறை போய் வந்தவள். அவள் சொல்லச் சொல்ல மற்ற மூவரும் வாயைத் திறந்துகொண்டு கேட்பார்கள். யார் முன்னால் உட்காருவது, யார் பின்னால் உட்கார்ந்து படகைத் திருப்புவது, யானை வந்தால் என்ன செய்வது என்றெல்லாம் பேச்சு ஓடும். அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று நான் அத்தையைக் கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்து, "அங்க போன்ல டவரே கிடையாது" என்றாள். சொன்னபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு விளங்கவில்லை.

அத்தை என் அப்பாவின் தங்கை. வீட்டில் கடைசிப் பிள்ளை. எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தது. கீழ்வீட்டில் பெரியப்பா, பெரியம்மா. மாடியில் நாங்கள் மூன்று பேரும் அத்தையும். அத்தை தேனாம்பேட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தாள். முப்பது தாண்டியும் அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் ரசத்துக்கு முன்பாக அந்தப் பேச்சு வந்துவிடும்.

பெரியப்பாவிடம் அனுமதி கேட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில்தான். அத்தை எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாள். பெரியப்பா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"என்ன மீனு?" என்றார் கடைசியில்.

"பெருசு பெருசா இருக்குமாம்ணே. ஆனா பிடிச்சதும் திரும்பத் தண்ணியிலயே விட்டுரணும். அங்க அதான் முறை."

பெரியப்பா பிசைந்த சோற்றோடு நிமிர்ந்து பார்த்தார். "விடுறதுக்கு எதுக்குப் பிடிக்கணும்?"

அத்தை ரசப் பாத்திரத்தை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அந்த ஒரு நிமிடத்தில் விஷயம் அவள் கையை விட்டுப் போய்விட்டது என்று இப்போது தோன்றுகிறது.

பெரியப்பா யாரிடமும் முடியாது என்று சொல்ல மாட்டார். கூடச் சேர்ப்பார். நாலு பொம்பளைப் பிள்ளைகள் தனியாகப் போவதாவது, துணைக்குத் தம்பியும் போகட்டும் என்றார். தம்பி என்றது என் அப்பாவை. அப்பா போனால் அம்மாவும் நானும் போக வேண்டும். இத்தனை பேர் போகும்போது தான் மட்டும் எதற்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று பெரியப்பாவுக்கே தோன்றிவிட்டது. அவர் வந்தால் பெரியம்மா வருவாள். பெரியம்மா காட்டில் கூடாரத்தில் படுக்க மாட்டாள். மறுநாளே வேன் பேசலாம் என்று முடிவாயிற்று. அந்த வார இறுதிக்குள் அத்தையின் தோழிகளுக்கு வேனில் இடமில்லாமல் போயிற்று.

பிறகு பெரியம்மா சொன்னாள். கும்பகோணம் பக்கத்தில் ஒரு கோயில் இருக்கிறது. கல்யாணம் தள்ளிப்போகிற பிள்ளைகளுக்காக அங்கே மாலை சாத்தி வேண்டிக்கொண்டால் ஒரு வருஷத்துக்குள் கூடிவரும். எப்படியும் வேன் எடுக்கிறோமே, அங்கே போனால் என்ன?

"அதுவும் சரிதான்" என்றார் பெரியப்பா. "ஆறுதானே வேணும்? அங்கயும் அதே காவிரிதான் ஓடுது."

அத்தை சண்டை போட்டாள். அழுதாள். இரண்டு மூன்று நாள் கீழே சாப்பிட வரவில்லை. பெரியப்பாவுக்கு அது உண்மையிலேயே புரியவில்லை. அவள் ஆறு கேட்டாள், ஆறு கொடுத்தாயிற்று. லீவும் அவள் சொன்ன அதே மூன்று நாள்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் யாரும் துடுப்புப் போடவில்லை. நான்கு பேரும் நெருக்கமாக உட்கார்ந்து ரகசியமாகப் பேசினார்கள். என்னை மிளகாய் பஜ்ஜி வாங்கி வர அனுப்பினார்கள். நான் திரும்பி வரும்போது உயரமான அக்கா மணலில் சாய்ந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தையும் சிரித்தாள். என்னவென்று கேட்டேன். "பஜ்ஜி சூடா இருக்கா?" என்றாள் அத்தை.

அதற்குப் பிறகு அத்தை அடியோடு மாறிவிட்டாள். கோயில் பயணத்துக்காக வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தது அவள்தான். வேனுக்குச் சொன்னதும், தங்குவதற்கு அறை பார்த்ததும், எந்தக் கோயில் எத்தனை மணிக்கு நடை சாத்தும் என்று விசாரித்ததும் அவள்தான். போகிற வழியில் இன்னும் இரண்டு கோயில்களை அவளே சேர்த்தாள். பெரியப்பாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பிள்ளைக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று கடையில் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "அப்போ கனூ?" என்று கேட்டேன்.

"கனூ எங்கயும் ஓடிப்போகாது. முதல்ல சாமி" என்றாள் அத்தை. அவளோடு ஒரு நாள் முழுவதும் நான் பேசவில்லை.

கிளம்புகிற அன்று காலையில் வேன் வாசலில் வந்து நின்றது. புளியோதரை, தண்ணீர்க் கேன், தலையணை எல்லாம் ஏற்றியாயிற்று. எல்லோரும் புதுத்துணியில் இருந்தோம். அத்தை மட்டும் பழைய நைட்டியில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து மெதுவாக இறங்கி வந்தாள். பெரியம்மாவின் காதில் ஏதோ சொன்னாள்.

எங்கள் வீட்டில் அதை யாரும் பெயர் சொல்லிச் சொல்வதில்லை. எனக்குச் சொல்லப்பட்டிருந்த பெயர் வயிற்றுவலி. அம்மாவுக்கோ அத்தைக்கோ அந்த வயிற்றுவலி வந்தால் சாமி அறைப் பக்கம் வர மாட்டார்கள். கோயிலுக்கும் போக மாட்டார்கள். மாடியில் சாயங்கால விளக்கு அத்தையின் பொறுப்பு. அவளுக்கு வயிற்றுவலி என்றால் அந்த வேலை எனக்கு வரும். அதனால் அந்த நாட்களை நான் ஆசையோடு எதிர்பார்ப்பேன். இதெல்லாம் மாதத்துக்கு ஒருமுறை வருகிற விஷயம் என்பதோ, ஏன் வருகிறது என்பதோ எனக்குத் தெரியாது. பெரியம்மாவுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. அந்த வீட்டில் யார் எப்போது விலகியிருக்கிறார்கள் என்ற கணக்கு அவள் மனசிலேயே இருக்கும்.

"கோயில் பயணமாச்சே மதினி, நான் எப்படி வர?" என்றாள் அத்தை.

பெரியம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். அதற்குள் நான் வாயைத் திறந்தேன்.

"போன வாரம்தானே அத்தைக்கு வயித்துவலி வந்துச்சு? நான்தானே வெளக்கு ஏத்தினேன்?"

அத்தை வயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அடுத்த நொடி என் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. கிள்ளியது பெரியம்மா.

"ஏட்டி, பெரியவங்க பேசுற எடத்துல ஒனக்கு என்ன வேலை? போய் வண்டில ஏறு" என்றாள். பிறகு அத்தையிடம் திரும்பி, "அடுப்படியில மாவு இருக்கு. கதவைச் சாத்திக்க" என்று மட்டும் சொன்னாள்.

பெரியப்பா வேன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஒனக்காகத்தானம்மா போறோம்" என்றார் வருத்தமாக.

"எனக்காக நீங்க கும்பிட்டாப் போதும்ணே" என்றாள் அத்தை.

உண்மையைச் சொன்னதற்கு எதற்குக் கிள்ள வேண்டும் என்று நான் செங்கல்பட்டு வரை அழுதேன்.

கோயிலில் அர்ச்சகர், "பொண்ணு வரலையா?" என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்றார் பெரியப்பா. அத்தையின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை நடந்தது. பெரியப்பா கண்ணில் தண்ணீர் வழியக் கும்பிட்டார். அவர் சொன்ன அதே காவிரியிலும் நாங்கள் குளித்தோம். முழங்கால் அளவுக்குத்தான் தண்ணீர் ஓடியது. "இதுல எங்க படகு விடுறது?" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இரண்டாம் நாள் அவருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அத்தைக்குப் போன் போட்டால் கிடைக்கவில்லை. மறுபடி மறுபடி போட்டார். தனியாக இருக்கிற பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்வது? வண்டியைத் திருப்பச் சொல்லி டிரைவரைக் கூப்பிட்டார்.

"சார்ஜர் கெட்டுப்போச்சுன்னு எங்கிட்டச் சொன்னா" என்றாள் பெரியம்மா. "வயித்துவலிக்கு மாத்திரை போட்டுட்டுத் தூங்குவா. சும்மா இருங்க."

"உங்கிட்ட எப்பச் சொன்னா?"

"கெளம்பும்போது."

கிளம்பும்போது நானும் பக்கத்தில்தான் நின்றேன். அத்தை அப்படி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தொடை இன்னும் வலித்ததால் நான் பேசாமல் இருந்துகொண்டேன். வண்டி அடுத்த கோயிலுக்குப் போயிற்று. அன்று சாயங்காலம் பெரியம்மா சன்னதியில் வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் முட்டுக்காட்டில் எனக்காக வேனை நிறுத்தினார்கள். நானும் அப்பாவும் காலால் மிதிக்கிற படகில் ஒரு சுற்று வந்தோம். எனக்கு அத்தையை நினைத்து மிகவும் பாவமாக இருந்தது. அவ்வளவு ஆசைப்பட்டவள், படகையே பார்க்காமல் வீட்டில் படுத்துக் கிடக்கிறாளே என்று நினைத்தேன்.

அத்தை கதவைத் திறந்தபோது அவள் முகமும் கழுத்தும் கறுத்துப் போயிருந்தன. வந்ததும் வராததுமாக அவளை உட்கார வைத்து, படகு என்றால் எப்படியிருக்கும் என்று விளக்கினேன். தண்ணீரில் அது ஆடும், ஆனால் பயப்படக் கூடாது என்றேன். அத்தை ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

"மீன் தெரிஞ்சுதா?" என்றாள்.

"தெரியல. தண்ணி கலங்கலா இருந்துச்சு" என்றேன்.

"பரவால்ல" என்று என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அவளிடம் புகை வாசனை அடித்தது.

ராத்திரி எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அத்தையின் இரண்டு உள்ளங்கைகளிலும் கொப்புளங்கள் உடைந்து தோல் உரிந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். பெரியப்பாவும் பார்த்துவிட்டார்.

"கைக்கு என்னாச்சு?"

அத்தை வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா சாம்பார்க் கரண்டியோடு குறுக்கே வந்தாள். "மொட்டமாடித் தொட்டியக் கழுவிருக்கா. ஒடம்பு சரியில்லாத நேரத்துல சும்மா கெடக்க மாட்டா." சொல்லிக்கொண்டே அத்தையின் தட்டில் ஒரு ஸ்பூனை வைத்தாள். எங்கள் வீட்டில் ஸ்பூனால் சோறு சாப்பிட யாரையும் பெரியம்மா விடமாட்டாள். அத்தை தலையைக் குனிந்தபடி சாப்பிட்டாள். அவள் அழுகிறாளோ என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. பெரியப்பா, "ஆள் வச்சுக் கழுவிக்கலாமே, உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று நெகிழ்ந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் நான் மொட்டைமாடிக்குப் போய், ஏணியில் ஏறி, தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். சுவர் முழுவதும் பாசி அப்படியே பச்சையாகப் படர்ந்திருந்தது. கை உரிகிற அளவுக்குத் தேய்த்தும் இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. கீழே ஓடிவந்து பெரியம்மாவிடம் சொன்னேன்.

பெரியம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியும்" என்றாள். "யார்ட்டயும் சொல்லாத. பெரியப்பாட்டச் சொல்லவே சொல்லாத."

சரி என்றேன். அத்தைக்கு ஒரு தொட்டியைக்கூட ஒழுங்காகக் கழுவத் தெரியாது என்பது வெளியே தெரிந்தால் கல்யாணப் பேச்சு இன்னும் தள்ளிப்போகும் என்ற அளவுக்கு எனக்கும் விவரம் இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.