கடைசி வெள்ளிக்குப் பின் ஒரு வெள்ளி

பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சிவகாசியில் ஓர் அச்சகத்துக்குத் தினசரி காலண்டர்களை மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தேன். மனைவியும் நானும் சேர்ந்து செய்த வேலை. அவள் ஒவ்வொரு தாளாகச் சத்தமாக வாசிப்பாள். நான் பஞ்சாங்கத்தை விரித்துவைத்துச் சரிபார்ப்பேன். அச்சுக்குப் போகலாம் என்று போடும் கையெழுத்து மட்டும் என்னுடையது.

வீட்டுக்கு இன்டர்நெட் வந்ததும் அந்த வழக்கத்தை நான்தான் கெடுத்தேன். காலையில் செய்தி பார்க்க உட்காருவேன். ஒன்றிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து வேறொன்று. எதையும் கடைசி வரி வரை படித்ததில்லை. என்ன படித்தேன் என்று மதியம் யோசித்தால் தலைப்புகள்தான் மிஞ்சும். காகிதத்தைக் கையில் எடுத்தாலும் கண் அதேபோல் தாவியது. அவள் வாசிக்கும் வேகம் பொறுக்காமல், "நானே பாத்துக்கிடுறேன், நீ போ" என்று சொல்லிவிட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கூட்டில் போட்டு மூடிவிட்டு அவள் எழுந்து போனாள்.

அந்த வருடம் எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனி தன் ஆட்களுக்குக் கொடுக்கும் காலண்டர் வந்தது. கம்ப்யூட்டரில் பக்கம் திறக்கக் காத்திருந்த நேரங்களில் மெய்ப்பைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அதன் நகல் மேசையில் கிடந்தது.

மறுநாள் காலை கரண்டு போனது. இருண்ட திரையின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

"அது முழிக்கிற வரைக்கும் சும்மாதான இருக்கீக? நான் வாசிக்கட்டா?" என்றாள் மனைவி.

"அதெல்லாம் அனுப்பியாச்சு."

"அனுப்புனா என்ன, காது கேக்காதா?"

வாசித்துக்கொண்டே போனாள். ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமைத் தாளில், இருக்கன்குடி மாரியம்மன் கடைசி வெள்ளித் திருவிழா என்றிருந்தது. ஒரு வாரத் தாள்களைத் தாண்டி நிறுத்தினாள்.

"ஏங்க, ஆடியில இன்னொரு வெள்ளி கிடக்கு. ஆத்தாளுக்கு எத்தன கடைசிங்க?"

பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். அந்த ஆடிக்கு ஐந்து வெள்ளி. அச்சகத்தில் பக்கம் கோர்த்தவர் வழக்கம்போல நான்காவதைக் கடைசி என்று போட்டிருந்தார். கம்பெனி ஆட்கள் இந்தத் தாளைப் பார்த்துத்தான் லீவு சொல்வார்கள். பிள்ளைகளுக்கு முடி இறக்கக் குடும்பத்தோடு கிளம்புவார்கள். ஒரு வாரம் முன்னதாகப் போய் நிற்பார்கள்.

அச்சகத்துக்குப் போன் செய்தேன்.

"மெஷின்ல பிளேட்டு ஏத்தி நிக்குது சார். இங்கயும் கரண்டு இல்ல, வந்தா ஓட்ட வேண்டியதுதான்" என்றார் முதலாளி.

விஷயத்தைச் சொன்னேன். "தப்பு என்னோடது. வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்."

"பொறந்ததுக்கு இன்னைக்குத்தான் சார் கரண்டுக்காரனக் கையெடுத்துக் கும்பிடுறேன். பிளேட்டக் கழட்டச் சொல்றேன். மிச்சத்தயாவது வாசிச்சீகளா?"

"இப்ப வாசிக்கிறோம்."

போனை வைத்தபோது பல மாதங்களாக இல்லாத அளவுக்கு மனசு லேசாக இருந்தது. "நீ மட்டும் இல்லேன்னா..." என்று மனைவியிடம் ஆரம்பித்தேன்.

"பேச்ச விட்டுட்டுப் பஞ்சாங்கத்தப் பாருங்க. ஆவணி ஒண்ணு" என்று வாசிக்கத் தொடங்கினாள்.

புரட்டாசியில் இருந்தபோது கரண்டு வந்தது. மின்விசிறி சுழன்று தாள்கள் பறந்தன. எழுந்துபோய் விசிறியை நிறுத்தினேன். வேறெந்த சுவிட்சையும் தொடாமல் வந்து உட்கார்ந்து, "எங்கன விட்டோம்?" என்று கேட்டேன்.