கனவில் துணிக்குக் கனம் கிடையாது

நாலாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனாலும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியை என் கையாலேயே உண்டாக்கினேன். கையால் என்று சும்மா சொல்லவில்லை. துணியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்தால் கனம் சொல்லிவிடுவேன். சதுர மீட்டருக்கு நூற்றெண்பது கிராம் என்றால் நூற்றெண்பதுதான். சந்தேகம் இருப்பவர்கள் தராசில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த விரல் தூக்கத்திலும் வேலை செய்யும். கனவில் துணிக்குக் கனம் கிடையாது, காற்றைப் பிடித்த மாதிரி இருக்கும். உடனே இது கனவு என்று தெரிந்துவிடும். விழிக்கவும் மாட்டேன். மேற்கொண்டு என்னதான் நடக்கிறது என்று பார்ப்பேன். ஒருமுறை வீட்டுக்காரி தியானம் கற்றுக்கொள்ளக் கூட்டிப்போனாள். மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். மனசு எப்போது ஓடுகிறது, எப்போது திரும்புகிறது என்று முதல் நாளே எழுந்து நின்று சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, அங்கயும் போய்ப் பீத்திக்கோணுமா?" என்றாள் வெளியே வந்ததும்.

வெளிநாட்டுக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்றிருந்த கோட்டாவை எடுத்த புதிது அது. ஊரெல்லாம் எக்ஸ்போர்ட் பேச்சு. பின்னல் துணி ரோலாகச் சுற்றி வரும். அவிழ்த்து ஒரு நாள் ஆறப்போட்டுத்தான் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெட்டிய பிறகு சுருங்கும். அப்படி ஆறாத துணியை எங்கள் கட்டிங் மாஸ்டர் வெட்டிவிட்டார். மறுநாள் பார்த்தால் அத்தனையும் அளவு குறைந்து கிடந்தது. மாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வெகுகாலமாக என்னிடம் இருப்பவர்.

"யாரைக் கேட்டுங்க வெட்டுனீங்க?" என்றேன், எல்லோர் முன்னாலும்.

"உங்களத்தான். தைக்கிறவுக சும்மா இருக்காவ, ஆறாமலே வெட்டிரவான்னு கேட்டேன். தலையாட்டுனீய."

"நானா? கனவு கினவு கண்டீங்களா மாஸ்டர்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் தன் சொந்தக் கத்தரியைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார். வேலையை விட்டுப் போகிறார். துணியைக் கெடுத்தவர் என்ற பெயரோடு போனால் இந்த ஊரில் வேறு எந்தக் கட்டிங் மேசையிலும் அவரை நிற்க விடமாட்டார்கள்.

சுற்றியபடியே கேட்டார்: "நான் கேட்டப்ப உங்க கை துணி மேலதான் இருந்துச்சு, மொதலாளி. என்ன கனம்னு மட்டும் சொல்லிருங்க. நான் போயிருதேன்."

விரலை உரசிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. வந்ததெல்லாம் வேறு. பெருமாநல்லூர் ரோட்டில் நான் கட்டப்போகிற இரண்டாவது யூனிட், திறப்பு விழாப் பந்தல், கழுத்தில் விழுந்த மாலையின் ஈரம். மேடையில் யாரோ என்னவோ கேட்க, நான் பெருமையாகத் தலையாட்டியதும் ஞாபகம் வந்தது. முந்தின நாள், கண்ணைத் திறந்துகொண்டே, நான் அங்கேதான் இருந்திருக்கிறேன். தூக்கத்தில் வரும் கனவை விரல் காட்டிக்கொடுக்கும். பகல் கனவில் தொட்டுப் பார்க்கலாம் என்ற நினைப்பே வருவதில்லை.

"தப்பு என்னுதுங்க," என்றேன், கடைசி மெஷின் வரை கேட்கிற மாதிரி. "மாஸ்டர் கேட்டாரு. நான்தான் இங்க இல்லை."

இந்த ஊரில் எத்தனை முதலாளிகள் இப்படிச் சொல்லியிருப்பார்களோ, நான் சொன்னேன்.

அவர் கத்தரியை அவிழ்த்து மேசையில் வைத்தார். "இனிமே கனம் சொன்னாத்தான் வெட்டுவேன். தலையாட்டுனா வெட்டமாட்டேன்."

நாலு நாள் கழித்து வேறொரு துணி ஆறி, விரித்துக் கிடந்தது. வெட்டலாமா என்றார். எனக்கு அந்தப் பந்தலில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். தலையாட்டினேன். கத்தரி அசையவில்லை.

"கனம், மொதலாளி?"

பாதிப் பந்தியில் எழுந்து வந்து துணியைப் பிடித்தேன். குளிர்ச்சியாக, கனமாக இருந்தது. "நூத்தியறுவது."

அவர் ஓரத்தில் வட்டமாக நறுக்கித் தராசில் வைத்து, சதுர மீட்டருக்குக் கணக்குப் போட்டார். "நூத்தி அறுவத்தொண்ணு."

"தராசைச் சரி பாருங்க மாஸ்டர்," என்றேன்.