நல்லரத்தினம் கேட்ட பதிவில்லைக் கடிதம்

நல்லரத்தினத்தாரை நான் முதன்முதல் கண்டது சுனாமி அடித்த மூன்றாம் வாரம். நான் அப்போது மட்டக்களப்புப் பிறப்பு இறப்புப் பதிவறையில் கிளாக். வாகரைப் பக்கத்து மரண விண்ணப்பங்கள் சாக்கில் கட்டி வந்துகொண்டிருந்தன. பாதியை வாசிக்க முடியாது. உப்புத்தண்ணி பட்ட தாள், பேனை பிடித்துப் பழகாத கை, அழுதுகொண்டே எழுதிய எழுத்து. அதற்குள் ஒரு கட்டு மட்டும் அச்சடித்த மாதிரி இருந்தது. நாற்பத்திமூன்று விண்ணப்பம், ஒரே கையெழுத்து, எல்லாம் பனிச்சங்கேணி என்ற ஒரே ஊர்.

"இதை எழுதின ஆள் ஆரு?" என்று கொண்டு வந்தவரிடம் கேட்டேன்.

"நான்தான் தம்பி. ஏதும் பிழையா?"

பிழை ஒன்றும் இல்லை. கட்டின் அடியில் கிடந்ததில் இறந்தவர் பெயர் சீதேவிப்பிள்ளை, வயது ஐம்பத்தொன்று. தகவல் கொடுப்பவர் கணவன், நல்லரத்தினம். அதிலும் கோடு வளையவில்லை, எழுத்துச் சாயவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் அடுத்த ஆளுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார்.

கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்து ஓய்வு எடுத்தவர். ஊரில் படிவம் நிரப்பத் தெரிந்த நாலைந்து பேரில் மற்றவர்களைக் கடல் கொண்டு போய்விட்டது. எஞ்சியவர் அவர். கோயில் மண்டபத்தில் மேசை போட்டு ஒவ்வொரு குடும்பத்தையும் கூப்பிட்டு எழுதியிருக்கிறார். உடம்பு கிடைத்தவர்களுக்கும் எழுதினார், கிடைக்காதவர்களுக்கும் எழுதினார். எழுத மாட்டோம் என்று அடம்பிடித்தவர்களிடம், "எழுதினாத்தான் நிவாரணம் வரும், இரிக்கிற பிள்ளையளப் பாருங்க" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்.

அவருக்கு ஒரே மகன், மதுரன். களப்பில் இறாலுக்கு வலை போடுகிறவன். மருமகள் பிரஷாந்தி. சுனாமிக்குப் பிறகு ஒரு வெளிநாட்டு நிறுவனம் அவர்களுக்குக் கல்வீடு கட்டிக் கொடுத்தது. பத்திரம் மதுரன் பெயரில். எங்கள் பக்கத்தில் தமிழரிலும் சோனகராகிய எங்கள் முஸ்லிம்களிலும் வீடு பெண்ணுக்குத்தான். தாய் மகளுக்குக் கொடுப்பாள், மாப்பிள்ளை வந்து ஏறுவான். வீடு கட்டித் தந்தவர்களுக்கு அது தெரியாது. குடும்பத் தலைவர் யார் என்று கேட்டார்கள், ஆம்பிளையின் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள்.

அந்த வீட்டில் அவர்கள் ஒரு வருசம்கூட நிம்மதியாக இருக்கவில்லை. 2006 ஐப்பசியில் வாகரைக்குள் ஷெல் விழத் தொடங்கியது. அந்த மாதமே புலிகள் இயக்கம் வந்து மதுரனையும் இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு போய் வள்ளத்தில் வடக்கே ஏற்றியது. இரண்டாவது பிள்ளைக்கு அப்போது நாற்பது நாள். நல்லரத்தினத்தாரும் பிரஷாந்தியும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டால் நடந்து வந்து முகாமில் விழுந்தார்கள். அடுத்த வருசம் சனத்தைத் திருப்பி ஊருக்கு அனுப்பியபோது அவள் பிள்ளைகளோடு போனாள். அவர் போகவில்லை. மகனைத் தேடுவதற்கான காரியாலயமெல்லாம் மட்டக்களப்பு டவுனில்தான் இருக்கிறது என்றார்.

அப்படித்தான் எங்கள் காரியாலயத்துக்கு முன்னால், வேப்பமரத்தின் கீழ், ஒரு மடிப்பு மேசையோடு அவர் வந்து உட்கார்ந்தார். பிறப்பு, விவாகம், மரணம் மூன்றுக்கும் பிரதி எடுக்க வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பார். பதிவு இலக்கம் தெரியாதவர்கள்தான் அவரிடம் கூட வந்தார்கள். "உங்கட அப்பா பிறந்தது பெரிய வெள்ளத்துக்கு முந்தியா, பிந்தியா?", "அம்மாட கலியாணத்துக்கு ஆர் சாட்சி நிண்டது?" என்று கேட்டுக் கேட்டு வருசத்தைப் பிடித்துவிடுவார். அவர் எழுதின விண்ணப்பம் வந்தால் எனக்கு அரை வேலை மிச்சம். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு வரும்போது அவரோடு தேத்தண்ணி குடிப்பது வழக்கமாகிவிட்டது.

2009 வைகாசியில் யுத்தம் முடிந்தது. அவர் மேசையை மடித்து வைத்துவிட்டு வவுனியா முகாம்களுக்குப் போனார். கம்பிக்கு வெளியே நின்று பெயர் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிப் பட்டியல், தடுப்புப் பட்டியல் எல்லாம் பார்த்தார். மாசி மாதம் புதுக்குடியிருப்பில் மதுரனைக் கண்டதாக ஒருவன் சொன்னான். அதற்கு மேல் ஒரு தகவலும் இல்லை. மூன்று மாதம் கழித்து வந்து அதே மேசையை விரித்தார்.

"என்ன அண்ணன்?" என்றேன்.

"செத்ததைக் கண்டவன் ஒருத்தனும் இல்ல தம்பி. அதால அவன் இரிக்கான்."

காணாமற்போனவர்களுக்கும் மரணச் சான்று கொடுக்கலாம் என்று பிறகு சட்டம் வந்தது. வேப்பமரத்தடியில் சனம் வரிசையாக நின்றது. அவர்களுக்கு மட்டும் அவர் எழுத மறுத்தார். "அது என்னால ஏலாது, அங்கால போங்க" என்று கைகாட்டுவார். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

2012 ஆவணியில் லண்டனிலிருந்து குகநேசன் வந்தான். அவர் மனைவி சீதேவிப்பிள்ளையின் தமக்கை மகன். அங்கே கணக்காளர் வேலை, ஓய்வு நேரத்தில் குடும்ப வரலாறு எழுதுகிறான். தாய்வழியில் ஏழு தலைமுறைக்குப் பிறப்பு, விவாக, மரணப் பத்திரங்களைச் சேர்த்துப் புத்தகமாக அடிக்கும் திட்டம். கொழும்பில் ஒரு ஏஜென்சி கேட்ட காசைக் கண்டு பயந்து சித்தப்பாவைப் பிடித்தான்.

"அவங்கள் ஒரு துண்டுக்குக் கேக்கிற காசில நீங்கள் பத்து எடுத்துத் தாறீங்கள் சித்தப்பா."

அவர் எடுத்தும் கொடுத்தார். இரண்டு மாதம் அதுதான் வேலை. முப்பதுக்கு மேல் பிரதிகள். நானும் பழைய புத்தகங்களைத் தட்டித் தட்டித் தும்மினேன். குகநேசனுக்கு ஒரு மனக்குறை. பழைய பிறப்புப் பதிவுகளில் 'பெற்றோர் விவாகமானவர்களா?' என்ற கேள்விக்கு நேரே 'இல்லை' என்று இருந்தது.

"இதை மாத்த ஏலாதா? புத்தகத்தில போட வெக்கமா இரிக்கு."

"சோறு குடுத்து, தாலி கட்டி, ஊர் கூடி நடந்த கலியாணம்தான். பதிய ஆரும் போகல்ல, அவ்வளவுதான்," என்றார் நல்லரத்தினம். "அதில வெக்கப்பட என்ன இரிக்கு?"

பிறகுதான் மதுரனின் இடம் வந்தது. நான் பக்கத்தில் நின்றேன். மடிக்கணினித் திரையில் கிளை கிளையாகப் பெயர்கள். இறந்தவர்களுக்கு இரண்டு வருசம், இருப்பவர்களுக்கு ஒன்று.

"மதுரனுக்கு என்ன போட?" என்று குகநேசன் கேட்டான்.

"பிறந்த வருசத்தைப் போடு."

"சித்தப்பா, கோவிக்காதீங்கோ. 2009 எண்டு போட்டா மரம் முழுமையா இரிக்கும். எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தானே."

"நீ எல்லாத்துக்கும் பத்திரம் கேக்கிற ஆள்தானே," என்றார். "என்ட மகன்ட பேரில மரணப் பதிவு இல்லையெண்டு ஒபீஸ் கடிதம் எடுத்துத் தாறன். அப்ப ஒத்துக்கொள்ளுவியா?"

"கடிதம் இரிந்தாச் சரி," என்றான் குகநேசன்.

அன்றே விண்ணப்பம் எழுதித் தந்தார். தேடவேண்டிய காலம்: 2009 முதல் இன்று வரை. என்னிடம் தரும்போது சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அபூர்வம். "தேடிப் பாத்திட்டு வெறும் கையோட வாங்க தம்பி. உங்கட வேலையில இதுதான் லேசு."

எனக்கும் அப்படித்தான் பட்டது. வழமையான புத்தகங்களில் இல்லை. காணாமற்போனவர்களுக்கென்று தனியாகக் கட்டிய புத்தகத்தை ஒரு கடமைக்காகத் திறந்தேன். மூன்றாம் பக்கம் தாண்டவில்லை. நல்லரத்தினம் மதுரன். இறந்த இடம் முள்ளிவாய்க்கால். திகதி 2009.05.17. தகவல் கொடுப்பவர்: மனைவி. பதிந்தது 2011 பங்குனியில், வாகரையில் நடந்த நடமாடும் சேவையில்.

இரண்டு நாள் நான் அந்த விண்ணப்பத்தை மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். 'பதிவு காணப்படவில்லை' என்று இரண்டு சொல் எழுதிச் சீல் அடித்திருந்தால் முடிந்தது. லண்டனில் யார் வந்து பரிசோதிக்கப் போகிறார்கள்? ஆனால் புத்தகத்தில் இருப்பதை இல்லையென்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதை நேர்மை என்று அன்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. பயம்தான்.

மூன்றாம் நாள் பிரதியை அவர் கையில் கொடுத்தேன். அவர் பழக்கப்படி மேலிருந்து கீழே கட்டம் கட்டமாக வாசித்தார். பிறகு தகப்பன் பெயர்க் கட்டத்தை விரலால் தொட்டார்.

"என்ட பேரில ஒரு எழுத்து விட்டுப்போட்டாங்க."

"திருத்தம் போடலாம் அண்ணன்," என்றேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை.

மறுநாள் அவர் பனிச்சங்கேணிக்குப் போகிறேன் என்றதும் தனியே விட மனமில்லாமல் மோட்டார் சைக்கிளில் நானே ஏற்றிக்கொண்டு போனேன். வீட்டில் மேசன் வேலை நடந்துகொண்டிருந்தது. ஷெல் விழுந்த பக்கத்துச் சுவரை இடித்துப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். கூரைக்குப் புது ஓடு. பிரஷாந்தி சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள்.

அவர் தாளை நீட்டினார். "இது என்ன புள்ள?"

அவள் அதை வாங்கவில்லை. தூரத்திலிருந்தே தெரிந்துகொண்டாள். "பாத்திட்டீங்கதானே மாமா."

"முள்ளிவாய்க்கால் எண்டு ஆர் சொன்னது? பதினேழாம் திகதியெண்டு ஆர் சொன்னது? நீ கண்டயா?"

"இடம் எழுதாட்டி எடுக்க மாட்டாங்களாம். திகதியும் வேணுமாம். வரிசையில நிண்ட எல்லாரும் அதைத்தான் எழுதினாங்க. நானும் எழுதினன்."

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிரிக்கலாம்."

"ரெண்டு தரம் கேட்டன். ஒரு தரம் படிவத்தைக் கிழிச்சீங்க. மத்தத் தரம் எழும்பிப் போனீங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "என்ட அம்மா எனக்குத் தந்த வீட்டைக் கடல் கொண்டு போச்சு. பிறகு தந்த வீட்டை அவர்ட பேரில எழுதினாங்க. அஞ்சு மாரி ஒழுகிச்சு. திருத்தக் காசு வந்திரிக்கு, உரிமைக்காரர் வந்து கையெழுத்து வைக்கட்டும், இல்லாட்டி மரணச் சான்று தாங்க எண்டாங்க. உரிமைக்காரரை நான் எங்க போய்க் கூட்டி வாற?"

"அவன் நாளைக்கு வந்து நிண்டா?"

"வந்தா வேணாமெண்டா சொல்லுவன்?"

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். "என்ட மனிசியக் கடல் கொண்டது. என்ட மகனை நீ கொண்டுபோட்டாய்."

மேசன் வேலையை நிறுத்திவிட்டான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையிலிருந்த சீமெந்தை மெதுவாகத் துடைத்தாள்.

"என்ட அம்மாவை எழுதினது ஆர் மாமா? கோயில் மண்டபத்தில வச்சு? அம்மாட உடம்பு கிடைக்கல்ல. எங்கயும் ஆஸ்பத்திரியில கிடப்பா, எழுதாதீங்க எண்டு உங்கட காலைப் பிடிச்சன். எழுதினாத்தான் நிவாரணம் வரும் எண்டீங்க. என்ட கையைப் பிடிச்சுக் கையெழுத்து வைக்கப் பண்ணினீங்க. அப்ப என்ட அம்மாவைக் கொண்டது ஆர்?"

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். திரும்பி வரும் வழி முழுக்க அந்தப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு என் பின்னால் இருந்தார்.

பதிவை ரத்துச் செய்யச் சொல்லி மூன்று பக்கத்தில் ஒரு மனு எழுதினார். அழகான மனு. என்னிடம் காட்டினார்.

"ரத்தானா வீடும் பழையபடி மதுரன்ட பேருக்குப் போகும் அண்ணன். வாங்கின காசுக்கும் பிரஷாந்திதான் பதில் சொல்ல வேணும்," என்றேன்.

மனுவை வாங்கிக்கொண்டு போனார். எந்தக் காரியாலயத்துக்கும் அது வரவில்லை. குகநேசனுக்கு எல்லாப் பிரதிகளையும் பதிவுத்தபாலில் அனுப்பினார், மதுரனின் மரணப் பதிவுப் பிரதியையும் சேர்த்து. 'மிக்க நன்றி சித்தப்பா, இப்போது எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டது' என்று பதில் வந்தது.

பிரஷாந்தி அடுத்த வருசம் பிள்ளைகளைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்கு வேலைக்குப் போனாள். இரண்டு வருசம் கழித்து லீவில் வந்தவள், மூத்தவனின் பரீட்சைக்குப் பிறப்புப் பத்திரப் பிரதி எடுக்கக் காரியாலயத்துக்கு வந்தாள். படிவத்தை எடுத்துக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். எழுதத் தெரியாதவள் இல்லை. ஆனாலும் நேரே வேப்பமரத்தடிக்குப் போய்ப் படிவத்தை மேசையில் வைத்தாள். ஜன்னலால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் நிமிரவில்லை. பேனையைத் திறந்தார்.

"பிள்ளைட பேர்?"

சொன்னாள்.

"பிறந்த திகதி?"

சொன்னாள்.

"தகப்பன்ட பேர்?"

அவள் கொஞ்சம் பொறுத்தாள். அவரும் பொறுத்தார். "நல்லரத்தினம் மதுரன்," என்றாள்.

அவர் எழுத்துப் பிசகாமல் எழுதினார். மற்றவர்களிடம் வாங்கும் எழுத்துக்கூலியையே அவளிடமும் வாங்கினார். "உள்ளுக்குள்ள மூண்டாம் ஜன்னலுக்குப் போங்க," என்று சொல்லிவிட்டு, பின்னால் நின்ற ஆளைக் கூப்பிட்டார்.

அடுத்த மாசியில் டவுன் ஆஸ்பத்திரியில் அவர் காலமானார். லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பியிருந்த பிரஷாந்திக்கு அறிவித்தோம். வேலை செய்யும் வீட்டுக்காரர்கள் லீவு கொடுக்கவில்லை என்று பதில் வந்தது. கொடுத்திருந்தால் வந்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது.