தலைகீழாய் மாட்டிய பிரேக்

லிஃப்ட்காரர் என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் ஆளைத் தெரியும். இருபத்தாறு வருடமாக அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்க்கிறார். ஏறுவது பெரிய காரியமில்லை, நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதுதான் லிஃப்டுக்கு அழகு என்பது அவர் கட்சி. வீட்டிலும் அதே புத்தி. பூட்டிய கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். அணைத்த அடுப்பை மூன்றாவது தடவையும் எட்டிப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் மனைவிக்கு இது எரிச்சலாக இருந்தது. இப்போது பழகிவிட்டது, எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக் கார்தான் நிற்காமல் போனது. மனைவி நர்ஸ். ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை ஒரே இறக்கம். இறக்கம் முடிகிற இடத்தில் பள்ளிக்கூட வாசல். ஒரு மழைக் காலையில் அவள் பிரேக் மேலேயே ஏறி நின்றும் கார் இழுத்துக்கொண்டே போய், கேட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. கேட்டுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள். அன்று முதல் பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். கேட்டதற்கு, "அங்க வண்டி விட எடமே கெடைக்கல" என்றாள். பத்தாம் நாள்தான் உண்மையைச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு காலை அவர் காரை வாசலில் ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டார். அதே காரின் பெரிய எஞ்சின் மாடலுக்கு வருகிற அகலமான பிரேக் டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கிற பெரிய காலிப்பர், டிஸ்க்கில் உரசி நிறுத்துகிற புது பேடுகள் என்று முன்சக்கரம் இரண்டுக்கும் வாங்கி வைத்திருந்தார். பக்கத்து வீட்டு வக்கீல் மதில்மேல் கையூன்றிப் பார்த்தார்.

"கழட்டறதெல்லாம் ஜோரா நடக்குது. திரும்ப மாட்டற உத்தேசம் இருக்கா சார்?"

"இருக்கு சார். உங்க கேஸ் மாதிரி வாய்தா கெடையாது."

அந்த வாய்க்குத்தான் பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டார். மத்தியானத்துக்குள் எல்லாம் மாட்டியாயிற்று. பிரேக் ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவதுதான் பாக்கி. மனைவி உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும். இவர் காலிப்பரில் இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்தி ஆயிலோடு காற்றை வடிய விட வேண்டும்.

"மிதி. அப்படியே பிடி. ம்... விடு."

ஒரு பாட்டில் ஆயில் காலி. இரண்டாவதும் பாதி போயிற்று. பிரேக் மிதியோ பஞ்சு மாதிரி அமுங்கித் தரையைத் தொட்டது. ஒவ்வொரு இணைப்பாகத் துடைத்துப் பார்த்தார். ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். குரலில் சுரத்தே இல்லை.

"சரியா இருந்தா கால் ஏன் தரைக்குப் போகுது?"

பழைய பிரேக்காவது கேட்டுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தியது. இது அதையும் செய்யாது. இவளை இந்தக் காரில் ஏறவிடாமல் செய்ததுதான் மிச்சம் என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

கால் மரத்துப்போய் அவள் இறங்கி வந்து சக்கரத்தருகே குந்தினாள்.

"காத்து இந்தத் திருகு வழியாவா வரணும்?"

"ஆமா."

"இது அடியில இல்ல இருக்கு?"

"அதனால என்ன?"

"என்னங்க, சிரிஞ்சுல காத்து எடுக்கறப்ப ஊசிய மேல பாத்துத்தானே பிடிப்போம்? கீழ பாத்துப் பிடிச்சா மருந்துதான் கொட்டும். காத்து நோகாம மேல உக்காந்திருக்கும்."

அவர் விருட்டென்று எழுந்தார். குப்பையில் கிடந்த அட்டைப்பெட்டிகளை எடுத்து, மேலே இடது, வலது என்று அச்சடித்திருந்ததைப் பார்த்தார். லிஃப்ட் வேலையில் இடது, வலது எல்லாம் கதவுக்கு எதிரே நிற்கிறவர் கணக்கு. காருக்கு அது ஓட்டுகிறவர் கணக்கு. கார் மூஞ்சிக்கு எதிரே நின்று பெட்டியைப் பிரித்தவர், இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருந்தார். போல்டுகள் சொல்லிவைத்தாற்போலப் பொருந்தியதால் சந்தேகமே வரவில்லை. மேலே இருக்க வேண்டிய திருகு அடிக்குப் போய்விட்டது.

மாற்றி மாட்ட ஒரு மணி நேரம் ஆயிற்று. இந்த முறை திருகைத் தளர்த்தியதும் குழாயில் குமிழ் குமிழாக வந்தது. இரண்டு பக்கமும் குமிழ் நின்ற பிறகு அவள் உள்ளேயிருந்து கத்தினாள்.

"கல்லு மாதிரி நிக்குதுங்க!"

அவர் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

"மாட்டியாச்சா சார்?" என்றார் மதில்மேல் வக்கீல்.

"ரெண்டு தடவை மாட்டியாச்சு சார்!"

முதலில் சமமான தெருவில் மெதுவாகப் பத்துத் தடவை நிறுத்திப் பார்த்தார்கள். பிறகு இறக்கம். அவள்தான் ஓட்டினாள். கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை அவர் இறுகப் பற்றிக்கொண்டார். பாதி இறக்கம் தாண்டி, அன்றைக்கு மிதித்த அதே இடத்தில் அவள் பிரேக்கை மிதித்தாள். கார் சொன்ன பேச்சைக் கேட்டு நின்றது. அவள் இறங்கி, ஞாயிற்றுக்கிழமை அமைதியில் பூட்டிக் கிடந்த கேட்டு வரை காலடி வைத்து எண்ணிவிட்டு வந்தாள்.

"முப்பத்தொண்ணு" என்றாள். கண் கலங்கியிருந்தது. "நாளைக்கு பஸ் வேணாங்க."

அவர் மூச்சு விட்டார். கைப்பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"அப்ப வீட்டுக்குப் போலாமா?"

அவள் காரைத் திருப்பி மறுபடி மேட்டில் ஏற்றினாள்.

"இருங்க, இன்னொரு தடவை பாத்துடலாம்."