கடையில் என் பாதி

காக்ஸ் டவுனில் நானும் ஒரு அக்காவும் பாதிப் பாதி பணம் போட்டு ஒரு தையல் கடை வைத்திருந்தோம். சர்ச் கல்யாணங்களுக்கு கவுன் தைப்போம். கடை நன்றாக ஓடத் தொடங்கிய வருஷம் என் மகளுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் மறுநாள் காலைக்குள் நாற்பதாயிரம் கட்டச் சொன்னார்கள்.

அக்கா ஆஸ்பத்திரிக்கே வந்தாள். பணத்தோடு, முத்திரைத்தாளையும் எழுதியே கொண்டுவந்திருந்தாள்.

"உன் பாதியை எனக்கே குடுத்துடும்மா. நாப்பது இருக்கு, இப்பவே எடுத்துக்கோ."

"கடனா குடுங்கக்கா. ஆறு மாசத்துல தந்துடறேன்."

"கடன்லாம் என்னால ஆகாது."

என் பாதி ஒன்றரை லட்சமாவது பெறும். அது எனக்குத் தெரியும். ஆனால் மறுநாள் காலைக்கு அப்பால் ஒரு நாள் இருப்பதாகவே அப்போது தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டேன். மகள் பிழைத்தாள்.

கடை போனதைவிட எரிந்தது, பிறகு அவள் துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னதுதான்: "அவளுக்கு முன்யோசனையே கிடையாது. அதான் அப்படியே இருக்கா."

ஜீவனஹள்ளியில் ஒற்றை அறைக்கு மாறி, கார்மெண்ட்ஸ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போனேன். ஏழாம் தேதி சம்பளம் தவறாமல் வரும் என்று ஆனபிறகுதான் அடுத்த மாதத்தை, பிறகு அடுத்த வருஷத்தை நினைக்க முடிந்தது. புதிதாக எனக்குப் புத்தி முளைக்கவில்லை. மூச்சுவிட இடம் கிடைத்தது, அவ்வளவுதான். அந்த இடத்தில் நான் வளர்த்தது வஞ்சம். நான்கு வருஷம் சீட்டுக் கட்டினேன்.

போன வருஷம் அக்காவின் வீட்டுக்காரர் தொழிலில் நொடித்துப்போனார். கடை வாடகை மூன்று மாதம் நின்றது. அக்ரிமெண்ட் முடிய ஒரு வாரம் இருக்கும்போது கட்டட ஓனரைப் பார்த்து, அட்வான்ஸ் முழுவதையும் மேசைமேல் வைத்தேன்.

"அவங்க ஒரு மாசம் டைம் கேட்டிருக்காங்களேம்மா," என்றார்.

"நான் கேக்கலையே சார்."

அன்று மாலையே அக்கா என் வீட்டுக்கு வந்தாள். நின்றபடியே அழுதாள். வட்டி கட்டவே வட்டிக்குக் கடன் வாங்கியதையும், மெஷின்களைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டதையும் சொன்னாள். "மூளையே வேலை செய்யலடி. ஒரு மாசம் பொறுத்துக்கோ."

அவள் சொன்னதில் பொய்யில்லை. அந்த நிலை எப்படியிருக்கும் என்று என்னைவிட அறிந்தவர் யார்? அறிந்ததனாலேயே நான் பொறுக்கவில்லை.

"திங்கக்கிழமை சாவி வேணும்க்கா," என்றேன்.

சாவி வந்தது. கடையில் இப்போது இரண்டு பெண்கள் என்னிடம் வேலை செய்கிறார்கள். மகள் மட்டும் சாப்பிடும்போது ஒருநாள் கேட்டாள்: "அவங்க கஷ்டம் தெரிஞ்சுமாம்மா செஞ்சே?"

தெரிந்துதான் செய்தேன், மறுபடியும் செய்வேன் என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.