வாசலைப் பார்த்த சப்பாத்துகள்

தேவாலயத்தில் கூட்டித் துடைக்கிற நாங்கள் ஆண்டவனை அறிவதற்கு முன் அவருடைய கதிரைகளை அறிந்துவிடுகிறோம். இந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ரொறன்ரோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு வாய்த்தது ஒரு ஜப்பானியத் தேவாலயம். நான் சைவன், ஜப்பானிய மொழியும் தெரியாது. கதிரைகள் இந்த இரண்டையுமே பொருட்படுத்தவில்லை.

மூன்றாம் தரம்

ஆராதனை முடிந்ததும் அவர்கள் கீழ்த்தளத்தில் கூடிச் சாப்பிடுவார்கள். நான் பக்கத்துச் சாமான் அறையில் தனியே பாண் சாப்பிடுவேன். சுவருக்கு அப்பால் சிரிப்புக் கேட்கும். வாரம் முழுவதிலும் அருகில் நான் கேட்ட சிரிப்பு அதுதான்.

ஒரு நாள் சமையலைப் பார்த்துக்கொள்ளும் ஹரூக்கோ அம்மையார் வந்து, தங்களோடு சாப்பிட ஆங்கிலத்தில் அழைத்தார். வேண்டாம் என்றேன். மறுபடி அழைத்தார், மறுபடி மறுத்தேன். யாழ்ப்பாண முறைப்படி விருந்தாளி இரண்டு தரம் மறுத்து, மூன்றாம் தரத்துக்கு எழும்ப வேண்டும். பாணை மூடிவைத்துவிட்டு ஆயத்தமாக இருந்தேன். அவர் இடுப்பு மடியக் குனிந்து சொன்னார்:

"தொந்தரவு கொடுத்துவிட்டேன், மன்னியுங்கள்."

சொல்லாமல் சொல்வது

அதன்பிறகு அவர் அழைக்கவில்லை. நான் வழமைபோல, அவர்கள் சாப்பிட்டு எழும்பியதும் கதிரைகளை மடித்து அடுக்கினேன். ஒவ்வொரு வாரமும் ஒன்று யாரும் இருக்காமல் மிஞ்சி நிற்கும். ஆட்களை எண்ணிக் கதிரை போடத் தெரியாதவர்கள் என்று மனதுக்குள் திருத்திவிட்டு அதையும் மடிப்பேன்.

கீழ்த்தளத்துக்குச் சப்பாத்தைக் கழற்றித்தான் இறங்க வேண்டும். எல்லாரும் போனபின் நான் வந்து பார்த்தால், உள்ளே பார்த்தபடி கழற்றிவிட்ட என் சப்பாத்து வாசலைப் பார்த்துத் திரும்பி நிற்கும். ஜப்பானியப் பழக்கவழக்கங்கள் பற்றி நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்தேன். எவருக்கு எவ்வளவு குனிய வேண்டும் என்பதை முடித்து, சப்பாத்துக்கு வருமுன் புத்தகம் திருப்பிக் கொடுக்கும் தவணை முடிந்துவிட்டது.

ஸ்காபரோவில் எனக்கு பேஸ்மன்ற் அறை வாடகைக்குத் தந்த ராசன் அண்ணையிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை பிள்ளையார், ஞாயிற்றுக்கிழமை ஜப்பான் யேசுவோ என்று பகிடி பண்ணுகிறவர், இம்முறை பண்ணவில்லை.

"உன்னைப் போகச் சொல்லினம் தம்பி. மரியாதையான சனம், வாயால சொல்லாதுகள்."

கறிச்சோறு

எனக்கும் அது சரியாகவே பட்டது. மிசிசாகாவில், விமான நிலையத்தருகே, பெட்டி அடுக்கும் வேலைக்குக் கையெழுத்து வைத்தேன். ஞாயிறு கட்டாயம் வர வேண்டும் என்றார்கள்.

சொல்லிக்கொண்டு வரப் போன அன்று, ஹரூக்கோ அம்மையார் படியருகே முழங்காலில் இருந்து, எல்லாருடைய சப்பாத்துகளையும் வாசல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். விரல்களில் உருகிய பனியும் தெருவில் தூவுகிற உப்பும். ஏன் என்று கேட்டேன். போகும்போது குனிந்து தடவாமல் காலை நுழைக்கலாம் என்றார். தானும் இந்த ஊருக்குத் தனியாக வந்தவர்தானாம். அந்தக் குளிர்காலத்தில் யாரோ தன் சப்பாத்தைத் திருப்பிவைத்தார்களாம், யார் என்று இன்றுவரை தெரியாதாம். பிறகு, சாப்பிட வருகிறீர்களா என்றார். முதல் தரத்திலேயே ஓம் என்றேன்.

சோற்றுக்கு ஊற்றிய கறி இனித்தது. கறி இனிக்கலாமா என்ற விவாதத்தை ஒத்திவைத்துவிட்டுச் சாப்பிட்டேன். சோற்றுக் கோப்பை வெறுமையான பிறகுதான் இது என் கடைசி ஞாயிறு என்று சொன்னேன். அவர் நான் இருந்த கதிரையைக் காட்டினார்.

"நீங்கள் வேண்டாம் என்ற அன்றையிலிருந்து உங்களுக்கென்று ஒரு கதிரை போட்டுத்தான் வைத்தோம். ஒவ்வொரு வாரமும் நீங்களே மடித்துவிட்டீர்கள்."

இப்போது ஞாயிறுகளில் பெட்டி அடுக்கிவிட்டு அறைக்கு வந்து, என் சப்பாத்தை நானே வாசல் பக்கம் திருப்பிவைக்கிறேன். அதைக் கண்ட ராசன் அண்ணை, நான் போகப்போகிறேன் என்று அறைக்கு வேறு ஆள் தேடத் தொடங்கிவிட்டார்.